மெஷின் என்ன சொல்லுது?

2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. வலைத்தளம் செய்து கொடுக்கிற சின்ன நிறுவனம். ஒன்பது பேர், ஏழு கம்ப்யூட்டர், ஒரே ஒரு டயல்-அப் இணைப்பு. போன் பேச வேண்டுமென்றால் ரிசீவரை எடுப்பதற்கு முன் "நெட்ல யாராவது இருக்கீங்களா?" என்று கத்த வேண்டும். கத்தாமல் எடுத்தால் யாராவது ஒருவருடைய அரைமணி நேர டவுன்லோடு போச்சு.

நான் படித்தது கணிதம். பெர்ல் என்ற பெயரைச் சேர்ந்த அன்றுதான் கேள்விப்பட்டேன். முத்து என்று நினைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்த்தால் ஒரு எழுத்து குறைந்தது. அதை உருவாக்கிய லாரி வால் முதலில் முத்து என்றுதான் பெயர் வைத்தாராம். அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறொரு கம்ப்யூட்டர் மொழி இருந்ததால் நடுவிலிருந்த 'ஏ'யைத் தூக்கிவிட்டார். மொழியியல் படித்தவர் அவர். 1987 டிசம்பரில் பெர்லை வெளியே விட்டார். நான் போய்ச் சேர்ந்த காலத்தில் வலைத்தளத்தில் ஒரு படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் ஏதாவது நடக்க வேண்டும் என்றால், அந்த 'ஏதாவது' பெரும்பாலும் பெர்லில்தான் எழுதப்பட்டிருக்கும்.

எனக்குக் கொடுத்த முதல் வேலையும் அப்படி ஒரு படிவம்தான். ஒரு புடவைக் கடைக்கு. வாடிக்கையாளர் பெயர், ஊர், கேள்வி என்று எழுதி அனுப்பினால் கடைக்கு ஈமெயில் போக வேண்டும். இருபத்தைந்து வரி. புத்தகத்தைப் பார்த்து நோட்பேடில் அடித்தேன், எஃப்டிபி வழியாக அமெரிக்காவில் இருந்த சர்வருக்கு ஏற்றினேன், பொத்தானை அழுத்தினேன். 'இன்டர்னல் சர்வர் எரர் 500' என்று வந்தது. திரும்பவும் அழுத்தினேன். திரும்பவும் அதுவே. மாலை ஏழு மணிவரை நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: எங்கேயாவது ஒரு வரியை மாற்றுவது, ஏற்றுவது, அழுத்துவது.

அலுவலகத்தில் பெர்ல் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். டெலிபோன் இலாகாவிலிருந்து விருப்ப ஓய்வில் வந்தவர், திருநெல்வேலிப் பக்கம். யுனிக்ஸில் ஊறினவர். பெர்லுக்கு முன்னால் அந்த வேலைகளுக்கெல்லாம் இருந்த ஆக், செட் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எல்லாரும் சார் என்போம். என் பின்னால் வந்து நின்றார்.

"என்னலே?"

"வரலை சார்."

"வரலைங்கிறது நீ சொல்லுதது. மெஷின் என்ன சொல்லுது?"

500 என்கிறது என்றேன். அது பிரௌசர் சொல்வது, வாசலில் நிற்கிற வாட்ச்மேன் சொல்வதுபோல. உள்ளே இருக்கிறவன் என்ன சொல்கிறான் என்று பார் என்றார். சர்வரில் எரர் லாக் என்று ஒரு கோப்பு இருக்கும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். டெல்நெட் வழியாகப் போய்ப் பார்த்தால் என் அசட்டுத்தனம் முழுதும் அதில் நேரத்தோடு பதிவாகியிருந்தது. நாற்பது, ஐம்பது தடவை ஒரே வரி: 'ப்ரீமெச்சூர் எண்ட் ஆஃப் ஸ்கிரிப்ட் ஹெடர்ஸ்'. ஸ்கிரிப்ட் வாயைத் திறப்பதற்குள் செத்துவிட்டது என்று அர்த்தம்.

பிரௌசரை விட்டுவிட்டு அங்கேயே நேரடியாக ஓட்டு என்றார். ஓட்டினேன். 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. அப்படி ஒரு கோப்பே இல்லையாம்! பட்டியல் போட்டுப் பார்த்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஓட்டுவதற்கான 755 அனுமதியோடு. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கீபோர்டைத் தொடவே மாட்டார் என்பது பிறகுதான் பிடிபட்டது. சொல்வார், நாம்தான் அடிக்க வேண்டும்.

"கேட்னு போட்டு, ஒரு ஸ்பேஸ் விட்டு, டாஷ் வி. பொறவு ஃபைல் பேரு."

அடித்தேன். என் இருபத்தைந்து வரியும் திரையில் ஓடின. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் நான் அடிக்காத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. தொப்பி போட்ட ஒரு 'எம்'.

விண்டோஸ் ஒரு வரியை முடிக்க இரண்டு குறிகளை வைக்கும். யுனிக்ஸ் ஒன்றை மட்டும் வைக்கும். எஃப்டிபியில் ஆஸ்கி என்ற முறையில் ஏற்றினால் அந்தக் கூடுதல் குறி வழியிலேயே கழன்றுவிடும். நான் பைனரியில் ஏற்றியிருந்தேன். என் ஸ்கிரிப்டின் முதல் வரி 'என்னை ஓட்டப் பெர்லைக் கூப்பிடு' என்று சொல்கிற வரி. சர்வர் அதைப் படித்து, பெர்ல் என்ற பெயரோடு வாலில் அந்தக் குறியையும் சேர்த்து ஒரு நிரலைத் தேடியிருக்கிறது. வால் வைத்த பெர்ல் எந்த ஊரிலும் இல்லை. அதனால்தான் 'இல்லை' என்றது. இல்லை என்று அது சொன்னது என் கோப்பை அல்ல.

சரிசெய்ததும் பெர்லாலேயே, ஒரே வரியில். பெர்ல் என்று அடித்து, டாஷ் பி ஐ, டாஷ் ஈ என்று போட்டு, வரிக் கடைசியில் இருக்கும் அந்தக் குறியை வெட்டச் சொல்ல வேண்டும். மூன்று எழுத்தும் சேர்ந்து 'பை' ஆகிறது. "எங்க போனாலும் இந்தப் பைய எடுத்துக்கிட்டுப் போ" என்பார் சார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் போகிறேன்.

அந்தப் புடவைக் கடைக்காரர் அடுத்த மாதம் இன்னொன்று கேட்டார். மொத்த வியாபாரிகளுக்கு மட்டும் விலைப்பட்டியல் தெரிகிற மாதிரி ஒரு பக்கம், பெயரும் பாஸ்வேர்டும் போட்டால் திறக்க வேண்டும். சர்வரில் ஒரு கோப்பில் ஒரு வரியில் பெயர், அடுத்த வரியில் பாஸ்வேர்ட் என்று எழுதி வைத்தேன். உள்ளே வருகிறவர் அடித்ததும் கோப்பில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்க இரட்டைச் சமக்குறி போட்டேன். சோதித்தேன். திறந்தது. கடைக்காரருக்கும் திறந்தது. சாரைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன்.

அன்றைக்கு மட்டும் அவர் கீபோர்டைத் தொட்டார். பெயர் என்ற இடத்தில் இங்கிலீஷ் எழுத்தில் கத்தரிக்காய் என்று அடித்தார். பாஸ்வேர்டில் வெண்டைக்காய். பக்கம் திறந்தது.

எனக்குச் சில நொடி புரியவேயில்லை. பெர்லில் இரட்டைச் சமக்குறி எண்களுக்கு மட்டும்தான். எழுத்துகளைக் கொடுத்தால் அவற்றை எண்ணாக மாற்றிப் பார்க்கும். எண்ணாக மாற்ற ஒன்றும் இல்லாததால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். கத்தரிக்காயும் பூஜ்யம், கடைக்காரர் பெயரும் பூஜ்யம். பூஜ்யமும் பூஜ்யமும் சமம், உள்ளே வாங்க! 123 என்று அடித்தவனை மட்டும் வெளியே நிறுத்தியது. எழுத்தை எழுத்தோடு ஒப்பிட வேறொரு சொல் இருக்கிறது, 'ஈக்யூ'. எங்கள் சர்வரில் இருந்த 5.005 பதிப்பில் முதல் வரியோடு டாஷ் டபிள்யூ என்று சேர்த்திருந்தால், 'இது எண் இல்லையே' என்று பெர்லே புகார் சொல்லியிருக்கும். நான் சேர்க்கவில்லை. முதல்முறை சேர்த்துப் பார்த்தபோது திரை நிறைய எச்சரிக்கை வந்தது, பயந்துபோய் எடுத்துவிட்டிருந்தேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இதைச் செய்கிறார்கள். நாய் குரைக்கிறது என்று நாயை விற்றுவிடுவது.

ஈக்யூ போட்டேன். இப்போது யாருக்குமே திறக்கவில்லை. கடைக்காரருக்கும்தான். அவர் போனில் என்னென்ன சொன்னார் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

மறுபடியும் சார் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். "கோப்புல இருந்து படிச்சத பிரிண்ட் பண்ணு. சும்மா பண்ணாத. முன்னாடி ஒரு சதுர அடைப்பு, பின்னாடி ஒரு சதுர அடைப்பு." பண்ணினேன். திறக்கிற அடைப்பு வந்தது, பெயர் வந்தது, மூடுகிற அடைப்பு அடுத்த வரியில் போய் விழுந்தது. பெயருக்கும் அடைப்புக்கும் நடுவே ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கோப்பிலிருந்து ஒரு வரியைப் படித்தால் வரி முடியும் குறியையும் சேர்த்தே பெர்ல் கொடுக்கும். அதைச் சாம்ப் என்ற கட்டளையால் கடித்துத் துப்ப வேண்டும். இரட்டைச் சமக்குறி போட்டிருந்தவரை இந்தத் தப்பு தெரியவே இல்லை. ஒரு தப்பு இன்னொரு தப்பை மூடிவைத்திருந்தது.

அந்தச் சதுர அடைப்புக்கு நான் கொடுக்கிற மரியாதையை எந்தப் புத்தகத்துக்கும் கொடுத்ததில்லை.

தேதி விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அது அந்த வருஷம் உலகம் முழுக்க நடந்த கூத்து. பக்கத்தின் அடியில் இன்றைய தேதி வரட்டும் என்று எழுதினேன். ஜூன் 14 அன்று '14-5-19100' என்று வந்தது. பெர்ல் மாதத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். வருஷத்தை 1900 கழித்துக் கொடுக்கும். நான் அதன் முன்னால் 19 என்று ஒட்டியிருந்தேன். சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "பத்தொம்பதாயிரத்து நூறாம் வருஷம் மே மாசம் வரைக்கும் இந்தக் கடை இருக்குமாலே?"

அவரிடம் கேள்வி கேட்கப் போக ஒரு நிபந்தனை உண்டு. "பத்து வரிக்குள்ள கொண்டா." இருநூறு வரி நிரலைத் தூக்கிக்கொண்டு போனால் பார்க்கவே மாட்டார். சம்பந்தமில்லாததையெல்லாம் வெட்டிக்கொண்டே வர வேண்டும், ஆனால் தப்பு மட்டும் அப்படியே இருக்க வேண்டும். என்ன கொடுத்தாய், என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது, இந்த மூன்றையும் சொல்ல வேண்டும். முதலில் இது எனக்குக் கொடுமையாகத் தெரிந்தது. தெரிந்த மனுஷன் ஒரு பார்வை பார்த்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் வெட்டிக்கொண்டு வரும்போது ஏதோ ஒரு வெட்டில் தப்பு காணாமல் போகும். போனால், கடைசியாக வெட்டின இடத்தில்தான் அது இருந்தது. பாதி நாள் நான் அவர் மேஜைவரை போகவே இல்லை.

மீதிப் பாதிக்கு பெர்ல்டாக். இணைப்பு மணிக்கணக்கில் காசு தின்ற காலத்தில் அது எங்களுக்கு எவ்வளவு பெரிய சௌகரியம் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பெர்லோடு அதன் கையேடு முழுதும் மெஷினிலேயே வந்து உட்கார்ந்துவிடும். புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும் பதில்களையும் ஒன்பது பகுதிகளாகக் கட்டி அதிலேயே வைத்திருந்தார்கள். டாஷ் க்யூ போட்டு ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வருகிற கேள்விகளைத் தேடித் தரும். என் கேள்வியை வார்த்தை மாறாமல் யாரோ முன்பே கேட்டிருப்பதைப் பார்க்கும்போது ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் நிம்மதி.

கையேட்டில் எத்தனை முறை படித்தும் எனக்கு ஏறாத ஒன்று உண்டு. பெர்லில் ஒற்றைப் பொருளுக்கு முன்னால் டாலர் குறி, கூட்டத்துக்கு முன்னால் அட் குறி. கூட்டத்தைத் தூக்கி ஒற்றையில் போட்டால் அதிலிருந்த பெயர்கள் வராது, ஓர் எண் வரும். ஒற்றையைச் சுற்றி ஓர் அடைப்பு போட்டுவிட்டால் முதல் பெயர் வரும். இது என்ன நியாயம்? ஒரு நாள் டீக்கடையில் சாரிடமே கேட்டுவிட்டேன்.

"ஒங்க அக்கா கல்யாணத்துக்கு எத்தன பேரு வந்தாங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"முந்நூறு பேர் சார்."

"யாரெல்லாம் வந்தாங்கன்னு கேட்டா?"

"பேர் சொல்லுவேன்."

"கூட்டம் ஒண்ணுதானலே? கேள்விதான வேற. இடதுபக்கம் ஒருமையா நின்னு கேட்டா எண்ணிக்கை. பன்மையா நின்னு கேட்டா பேரு. ஒரே ஆளுக்குத்தான் எலை போட்டிருக்கேன்னா, மொத ஆளு வந்து உக்காருவான்." டீயைக் குடித்து முடித்துவிட்டார். மொழியியல்காரர் செய்த மொழிக்கு இலக்கணத்தில்தான் விளக்கம் இருந்தது. அந்த இடத்தில் நான் பிறகு தடுமாறவில்லை.

அந்த நிறுவனம் மூன்று வருஷத்தில் மூடப்பட்டது. வேறு வேலைக்குப் போனேன், நாலு பேருக்குப் பெர்ல் தெரிந்தவன் என்று பெயரெடுத்தேன். இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற பகுதி அல்ல.

2005இல் நண்பர் ஒருவர் மூலம் ஒரு பெண் அறிமுகமானார். சிறிய பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிறவர், தமிழ் எம்.ஏ. பத்து வருஷம் அச்சடித்த புத்தகங்களின் கோப்புகள் எல்லாம் பழைய எழுத்துருவில் சிடிகளில் கிடந்தன. அவற்றை யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று குறியீடுகள் வந்தன. திஸ்கி என்று ஒன்று இணையத்தில் பழக்கத்தில் இருந்தது. இவை போக ஒவ்வொரு மென்பொருள்காரரும் தனக்கென்று ஒன்று வைத்திருந்தார்கள். இவர்கள் கோப்பு அந்தக் கடைசி ரகம். காசு கொடுத்து மாற்ற வழியில்லை. பெர்லில் செய்யலாம் என்று யாரோ சொல்ல, அவரே ஒரு புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "அண்ணா, ஏதோ எரர் வருது." ஃபைலை அனுப்புங்க என்பேன். கால்மணி நேரத்தில் சரிசெய்து திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்கு ஒரே பெருமிதம். அடுத்த ஞாயிறு இன்னொன்று, அதற்கடுத்தது இன்னொன்று. ஐந்தாவது வாரம் 'வைட் கேரக்டர் இன் பிரிண்ட்' என்ற எச்சரிக்கையோடு வந்தார். உள்ளே யூனிகோடாக வைத்திருப்பதை வெளியே அனுப்பும்போது, வெளியே போகிற வாசலுக்கும் இது யூனிகோட் என்று பின்மோட் போட்டுச் சொல்லிவைக்காவிட்டால் வருகிற எச்சரிக்கை அது. இரண்டு வாரம் முன்பு அதே வரியை அவர் கோப்பில் நான் சேர்த்திருந்தேன். எரிச்சலாகிவிட்டது.

"இதைத்தானே அன்னிக்கே சொன்னேன்?"

"சொல்லலையே அண்ணா. செஞ்சு குடுத்தீங்க."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். போனை வைத்த பிறகு மயிலாப்பூர் மாடியில் பின்னால் நின்ற அந்தக் கட்டிய கைகள்தான் நினைவுக்கு வந்தன.

அடுத்த சனிக்கிழமை அவருடைய பதிப்பகத்துக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், உலகத்திலேயே கஷ்டமான காரியம் அது. தப்பு எங்கே இருக்கிறது என்று தெரிகிறது, விரல் துடிக்கிறது, அவர் வேறு எங்கோ தேடிக்கொண்டிருக்கிறார். 'மெஷின் என்ன சொல்லுது?' என்பதைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

முதலில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பெர்லைக் கேட்டார். 15 என்றது. அவர் சிரித்துவிட்டார், "மூணு எழுத்துண்ணா!" பெர்ல் எண்ணியது பைட்டுகளை, யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழுக்கு ஒரு குறிக்கு மூன்று பைட். இது யூனிகோட் என்று சொல்லிக் கொடுத்த பிறகு 5 என்றது: த, ம, இகரத்தின் விசிறி, ழ, புள்ளி. கையேட்டில் மதியம்வரை துழாவி, பின்சாய்வுக்கோட்டோடு எக்ஸ் போட்டால் குறிகளையெல்லாம் தாய் எழுத்தோடு சேர்த்து ஒன்றாக எடுக்கும் என்று அவரே கண்டுபிடித்தார். 3 வந்தது. நான் அதுவரை அந்த எக்ஸைப் பயன்படுத்தியதே இல்லை.

பெரிய தலைவலி கொம்புதான். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமிப்பு: முதலில் கொம்பு, பிறகு மெய். யூனிகோடில் முதலில் மெய், பிறகுதான் கொம்பு. இடம் மாற்றப் பெர்லில் ஒரு வரி போதும். மாற்றினார். திரையில் அருமையாகத் தமிழ் வந்தது. ஆனால் 'கொடி' என்று தேடினால் கிடைக்கவில்லை. கண்ணெதிரே பத்து கொடி பறக்கிறது, தேடினால் ஒன்றும் இல்லை. 'நோ சச் ஃபைல்' என்ற அந்த முதல் மாலை எனக்கு அப்படியே திரும்பி வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் அந்தச் சொல்லிலிருந்த ஒவ்வொரு குறியின் எண்ணையும் தனித்தனியாகச் சதுர அடைப்புக்குள் அச்சடித்துப் பார்த்தார். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்று வர வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு தனியாக, கால் தனியாக இரண்டு இருந்தன. எழுத்துரு இரண்டையும் ஒன்றுபோலவே வரைகிறது, கண்ணுக்கு வித்தியாசமில்லை. கொம்பு, மெய், கால் மூன்றும் வருகிற இடத்தை முதலில் மாற்றிவிட்டு, வெறும் கொம்பை அப்புறம் மாற்ற வேண்டும். அவர் தலைகீழாகச் செய்திருந்தார். இரண்டு வரியை இடம் மாற்றினார். கொடி கிடைத்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுபோனது. நாலைந்து மாதம் கழித்து ஒரு மெயில் வந்தது. ஔகாரக் குறி பாதி கொம்பு, பாதி ளகரம் மாதிரி இருப்பதால் வந்த வம்பு. கொம்பு, மெய், ள என்று வந்தால் ஔகாரம் ஆக்கு என்று எழுதியிருக்கிறார். 'கௌரவம்' சரியாக வந்துவிட்டது; 'வெள்ளி'யில் வகரத்தின் தலையில் ஔகாரம் ஏறி, ஒரு புள்ளி அந்தரத்தில் நின்றது. என்ன கொடுத்தார், என்ன எதிர்பார்த்தார், என்ன வந்தது, மூன்றும் வரிசையாக இருந்தன. நான் அலுவலகத்தில் இருந்ததால் சாயங்காலம்தான் திறந்தேன். அதன் மேலேயே இரண்டாவது மெயில் இருந்தது, இருபது நிமிஷம் பிந்தியது.

"கிடைச்சிடுச்சு அண்ணா. ள-வுக்குப் பின்னால புள்ளியோ வேற குறியோ இருந்தா அது நிஜமாவே ள. தொடாம விட்டுட்டேன். நீங்க பாக்க வேண்டாம்."

பார்த்தேன். முதல் மெயிலில் இருந்த நிரல் ஒன்பது வரி.